பதினோராவது தட்டு

கேத்தியில் நான்கு நாளாக
மேகம் இறங்கிக் கிடக்கிறது.
கல்லூரி மொட்டைமாடியில் பதினொரு தட்டுகள்.
எல்லாவற்றிலும் மயில்நீலம்,
கொண்டுவந்த அன்றைக்குப் போலவே,
கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ரஞ்சிதமலர் பட்டறையின் கழிவு அது.
ஊட்டிக் கடைவீதியில் தொங்கும் சால்வைகளுக்கு
அவள் கம்பளி நூல் தோய்க்கிறாள்.
நூல் குடித்தது போக மிச்சம்
பின்பக்கத்து ஓடையில் இறங்கி
கேரட் கழுவும் இடத்தைத் தாண்டிப் போகும்.
போன மாதம் ஒருவன்
நீலம் ஏறிய கேரட்டுக் கட்டோடு
அவள் வாசலில் வந்து நின்றான்.
அடுத்த வாரமே என்னிடம் வந்தாள்,
கையில் ஒரு ஜாடித் தண்ணீர்,
முகத்தில் "எவ்வளவு செலவாகும்?"

செலவில்லை, வெயில் இலவசம்
என்று சொல்லிவிட்டேன்.
ஜூலை மாதம், இந்த மலையில்,
அப்படிச் சொன்ன வாயை என்ன செய்வது!

உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டுகள்.
அவற்றின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு,
உலையில் சுட்டுப் படியவைத்தது.
ஒரு துகள் இருபது நானோமீட்டர்.
தலைமுடி ஒன்றின் குறுக்கே
மூவாயிரம் துகள் தோளோடு தோள் நிற்கலாம்.
தூளாகத் தூவினால் வேலை வேகம்தான்.
ஆனால் தண்ணீரோடு தூளும் கிளம்பிவிடும்,
ஒரு வம்பைத் தீர்க்க
இன்னொரு வம்பை ஓடையில் விட்ட கதை.
அதனால்தான் கண்ணாடி.

"பெயின்ட்தானே மேடம்" என்றார் ஜோகி,
தட்டுகளைத் தூக்கி இறக்குகிறவர்.
ஆமாம், சுவருக்கு அடிக்கும் அதே வெள்ளை.
வெளிச்சம் பட்டால்
உள்ளிருந்து ஓர் எலக்ட்ரான் எழுந்து போகும்.
எழுந்த இடம் காலி.
காலியான இடத்துக்குப் பசி.
பக்கத்திலிருக்கும் தண்ணீரைக் கடிக்கும்;
கடிபட்ட தண்ணீர் வெறிபிடித்துச்
சாயத்தைக் குதறும்.
"நாய்க்கடி மாதிரி" என்றார் ஜோகி.
இரண்டு வருஷ ஆய்வேட்டில்
இவ்வளவு சரியான வாக்கியம் என்னிடம் இல்லை.

ஐந்தாம் நாள் பதினொன்றரைக்கு
மேகம் கிழிந்தது.
நானும் ஜோகியும் மூடிகளைக் கழற்றிக்கொண்டு
ஓடினோம், வடாம் காயப்போட ஓடுகிறவர்கள்போல.
குளிர்ச்சியாகத்தான் இருக்கும் மலை வெயில்,
மூக்கை மட்டும் உரித்துவிடும்.
எங்களுக்கு வேண்டியதும் அந்த உரிக்கிற பங்குதான்.

மூன்று மணி நேரம் கிடைத்தது.
மயில் கழுத்து, பிறகு வானம்,
பிறகு வெளுத்த பள்ளிச் சட்டை,
பிறகு தட்டின் அடியில்
என் கையெழுத்துத் தெரிந்தது.
பதினோராவது தட்டில் கண்ணாடி போடவில்லை.
அது சாட்சிக்கு.
நீலமாகவே நின்று
மற்ற பத்துக்காகவும் சாட்சி சொன்னது.

படம் அனுப்பினேன். ரஞ்சிதமலர் உடனே கூப்பிட்டாள்.
"தெளிஞ்சிடுச்சே! இனி தொறந்து விடலாமில்ல?"

விடலாம் என்று வாய்வரை வந்தது.
அன்றிரவு கடுகு எண்ணினேன்.
ஈரத்தாளில் பத்துப் பத்தாக மூன்று கும்பல்.
குழாய்த் தண்ணீரில் பத்தும் முளைத்தன.
நீலத்தில் இரண்டு.
தெளிந்ததில் ஆறு.

நாலு முளைக்கவில்லை.
மயில்நீலத்தின் நடுவில் ஒரு செம்பு அணு உண்டு.
சுற்றியிருப்பதையெல்லாம் வெயில் கடித்துத் தின்றாலும்
செம்பைத் தின்ன முடியாது.
வேலி போன பிறகு அவிழ்த்துவிட்ட மாடாக
அது அந்தத் தெளிவுக்குள் திரிகிறதோ என்னவோ.
பார்க்க வேண்டும். அதற்கு வேறு கருவி,
கோவைக்கு அனுப்பி வாங்கும் வேறு அறிக்கை.

"தொட்டியைத் திறக்காதீர்கள்" என்று செய்தி அனுப்பினேன்.
"எத்தனை நாள்?" என்று வந்தது.
அதற்குப் பிறகு
அவள் சால்வைகளின் விலையும் வந்தது,
கூலி பாக்கியும்.

"அந்த நாலு சொத்தை விதையா இருக்குமோ மேடம்?"
ஜோகி மெதுவாகக் கேட்டார்,
எனக்கு ஒரு வழி விடுகிறவராக.

இருக்கலாம்.
வெளியே மறுபடி மேகம்.
விளக்கைப் போட்டு, புதுத் தாளை நனைத்து,
ஒன்று, இரண்டு என்று
முதலிலிருந்து எண்ணுகிறேன்.